கால்விரல் வரைக்கும்

மயினியின் பெயர் எனக்குத் தெரியாது. தாராவியில் எங்கள் சந்தில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் மனைவியை மதினி என்போம். திருநெல்வேலிக்குத் தெற்கே அது மயினி ஆகிவிடும். எங்கள் கூட்டத்தில் சுடலைக்கு மட்டும் அவள் உண்மையிலேயே அண்ணன் மனைவி. சுடலையின் கூட்டாளிகள் அவளிடம் சாப்பிட வந்து அதே முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்புறம் வந்தவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. தோல் பட்டறையில் வேலை பார்த்த செல்லத்துரை அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் மயினி என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது.

அவள் புருஷன் இறந்தபிறகு பிழைப்புக்கு ஆரம்பித்த சாப்பாட்டுக்கடை அது. கடை என்றால் ஒரே ஒரு அறை. பம்பாயில் கோலி என்பார்கள். பாதியில் அடுப்பும் பாத்திரமும், மீதிப் பாதியில் நாங்கள். முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பந்திக்கு எட்டுப் பேர் சாப்பிடலாம். மற்றவர்கள் வெளியே சாக்கடைப் பலகைமேல் நின்றுகொண்டு, "சீக்கிரம் எந்திரிங்கலே, டூட்டிக்கு நேரமாச்சு" என்று சத்தம் போடுவார்கள்.

மயினிக்கு ஒரு சொல் மட்டும் காதில் விழாது. அது 'போதும்.'

நான் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். விக்ரோலியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர வந்திருந்தேன். இரண்டு நாள் ரயில் பயணம், புது ஊர், தெரியாத பாஷை. நாலு இட்லி தின்றதும் தட்டின்மேல் கையை விரித்து, "போதும்" என்றேன்.

"யாருக்குப் போதும்?" என்றாள். "வாய்க்கா, வயித்துக்கா?"

நான் முழித்தேன்.

"வாய் என்னத்தையாவது சொல்லும். நான் வயித்தத்தான் கேப்பேன். கைய எடு."

கையை எடுத்தேன். இரண்டு இட்லி விழுந்தது. அதன்மேல் மிளகாய்ப்பொடி, பொடியின் நடுவில் ஆள்காட்டி விரலால் ஒரு குழி, குழியில் எண்ணெய். எண்ணெய் வழிந்து தட்டின் ஓரத்தைத் தொட்ட பிறகுதான் கரண்டி நிமிர்ந்தது. அடுத்தவனுக்கு நகரும் முன்னால் என் தலையை ஒருமுறை பார்த்தாள். "ஒங்கம்மை தலைக்கு நல்லா எண்ணெ தேச்சு அனுப்பியிருக்கா. அழாத தின்னு" என்றாள். நான் அழவில்லை. ஆனால் அந்த இரண்டு இட்லியையும் தின்று முடிக்கும் வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.

ஒருவனுக்கு வேலை போய்விட்டதா, ஊரிலிருந்து கெட்ட சேதியா, பட்டறையில் மேஸ்திரி அடித்தானா, மயினிக்கு வைத்தியம் ஒன்றுதான். ஒரு கரண்டி கூட. என்ன ஏது என்று கேட்கமாட்டாள். முகத்தைப் பார்ப்பாள், ஊற்றுவாள். தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம், இன்றைக்கு யாருக்கு மனசு சரியில்லை என்று. நல்ல மனநிலையில் இருப்பவன்கூடச் சில நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஊற்றுவாள்.

அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் எழுந்துபோன பிறகு, முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததை ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிடுவாள். "சுடுசோறு எனக்குச் சேராது" என்பாள். சேர்ந்ததா இல்லையா என்று அவள் எப்போது பார்த்தாள் என்பது சாமிக்குத்தான் தெரியும்.

சுடலையின் கதை அவனே சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அவனுக்கு ஐந்து வயதில் தாய் போய்விட்டாள். அதன் பிறகு பிள்ளை வாயைத் திறக்கவில்லையாம். என்ன கொடுத்தாலும் துப்பினானாம். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி மயினி வந்தபோது அவளே சின்னப் பெண். தாலி கட்டிய மறுநாள் கல்யாண வீட்டுக் கூட்டத்தை விட்டுவிட்டு, இவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாய் அவன் துப்புவான், அடுத்த வாயை அவள் நீட்டுவாள். துப்பத் துப்ப நீட்டியிருக்கிறாள். "கடைசில எனக்குத் துப்பி வாய் வலிச்சிட்டு. முழுங்கிட்டேன்" என்பான் சுடலை. "அன்னையிலிருந்து நான் மயினிக்குப் பயந்து தின்னுக்கிட்டு வாறேன்."

அவளுக்குப் பிள்ளை இல்லை. பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி இவனை 'எய்யா' என்றுதான் கூப்பிடுவாள். பம்பாய்க்கு வந்து, பள்ளிக்கூடம் போய், இருபத்து நாலு வயதில் அவன் பஸ் கண்டக்டர் ஆனான். காக்கிச் சட்டையோடு முதல் நாள் வந்து நின்றபோது மயினி அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மாடி பஸ்ஸில் நாள் முழுக்க ஏறி இறங்குவதைப் பற்றி அவன் பீற்றிக்கொண்டான். "மாடியும் கீழயுமா ஏறி எறங்குதவனுக்கு இது காணுமா?" என்று அவன் தட்டில் எண்ணெய்க் கரண்டியை இன்னும் சாய்த்தாள். எங்கள் எல்லாருக்கும் ஒரு அளவு உண்டு, அவனுக்கு மட்டும் கிடையாது. அவன் தட்டில் பொடி மிதக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் கடையில் கிடைக்காமல் போயிற்று. கிடைத்தாலும் யானை விலை. மயினி சில நாள் கரண்டியைச் சுருக்கிப் பார்த்தாள். அது அவளால் முடியவில்லை. ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் கைவண்டியில் டின் டின்னாக எண்ணெய் வைத்து விற்றுக்கொண்டு ஒருவன் வந்தான். பாதி விலை. மயினி விரலில் தொட்டு மோந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு இல்லை, காறல் இல்லை. ஒரு டின் வாங்கினாள்.

அன்று இரவு அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஊத்துதேன், ஊத்துதேன், தின்னுங்க" என்று பந்தியில் நடந்தாள். மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அவள் அதை வாங்கவில்லை. தாராளமாக ஊற்றலாம் என்றுதான் வாங்கினாள்.

முதலில் சிலருக்கு வயிற்றோட்டம். மழைத் தண்ணீர் என்று நினைத்தோம். அது நின்றுவிட்டது, மறந்துவிட்டோம். இரண்டு வாரம் போயிருக்கும். கெண்டைக்காலில் குடைச்சல் வந்தது. அதன் பிறகு செருப்பு. சுடலைதான் முதலில் சொன்னான். "ஏல பெருமாளு, செருப்பு காலவிட்டுக் கழண்டு விழுது. விழுந்ததுகூடத் தெரியல." நான் சிரித்தேன். இரண்டாம் நாள் சயான் ஸ்டேஷனில் ரயிலில் ஏறக் காலைத் தூக்கினால் பாதம் வரவில்லை. முழங்கால் எழும்புகிறது, பாதம் ஈரத் துணி மாதிரி தொங்குகிறது. பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டதில் பிளாட்பாரத்திலேயே விழுந்தேன்.

அந்த வாரம் எங்கள் சந்தில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. நடக்கிறவர்கள் காலை உயரத் தூக்கிப் போட, பாதம் தரையில் 'தப் தப்' என்று அறையும் சத்தம். பிறகு கைகள். என் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. சுடலைக்கு டிக்கெட்டைக் கிழிக்க விரல் கூடவில்லை. காற்று கருப்பு என்றார்கள், மாரியம்மன் கோபம் என்றார்கள். மயினி வேப்பிலை கட்டினாள், கூழ் ஊற்றினாள். 'பிள்ளேளுக்குப் பெலன் இல்ல' என்று கரண்டியை இன்னும் சாய்த்தாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் எங்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள்.

டாக்டரம்மா மராட்டிக்காரர். சின்ன வயது. வெள்ளைக் கோட்டுக்கு அடியில் கைத்தறிச் சேலை. அதற்குள் எனக்கு இந்தி கொஞ்சம் பழகியிருந்தது. சுடலை சொன்னால் மயினிக்கு நல்லதை மட்டும்தான் சொல்வான் என்பதால் அவருக்கும் மயினிக்கும் நடுவில் பேசுவது என் வேலை ஆயிற்று. மயினி என் கட்டிலுக்கும் சுடலை கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் காலையில் டாக்டரம்மா வந்து எங்கள் எல்லாருடைய பாதத்தையும் தன் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவரிடம்தானே எல்லாரும் சாப்பிடுகிறீர்கள்? யார் யார் எண்ணெய் அதிகம் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேள்" என்றார்.

நான் கேட்டேன். மயினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் தனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்கிறார்.

"சொல்லு. அந்தா மூலையில படுத்திருக்கானே, அவனுக்கு ஒரு கரண்டிதான், பித்தம்பான். ஒனக்கு ஒண்ணரை. செல்லத்துரை அண்ணாச்சிக்கு ரெண்டு, அவ்வோ தோல் பட்டறையில நாளெல்லாம் தண்ணிக்குள்ள நிக்காவோ, பாவம். எங்க எய்யாவுக்குக் கணக்கே கிடையாதுன்னு சொல்லு. எண்ணெயில பொடி மெதக்கணும்."

அவள் ஒவ்வொரு கட்டிலாக விரல் நீட்டிச் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா அந்தந்தக் கட்டிலைப் பார்த்தார். மூலையில் இருந்தவன் கோலை ஊன்றி நடப்பான். நான் பிடித்தால் நிற்பேன். அண்ணாச்சிக்கு நிற்கவே முடியாது. சுடலைக்குக் கால் இரண்டும் கட்டிலில் வெறுமனே கிடந்தன, கைவிரல்கள் மடங்கிப் போயிருந்தன.

"இவர் எவ்வளவு சேர்த்துக்கொள்வார்?"

"நானா? நான் பழையது குடிக்கிறவ. எனக்கு எதுக்கு எண்ணெ?"

டாக்டரம்மா என் கட்டிலருகே வந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அந்த டின்னைக் கொண்டுவரச் சொல். இனி யாரும் அதைத் தொடக்கூடாது."

எனக்கு விளங்கிவிட்டது. அதை எப்படித் தமிழில் சொல்வது என்றுதான் விளங்கவில்லை. "மயினி, எண்ணெயில என்னமோ கலந்திருக்கும்போல. டின்னக் கொண்டாரச் சொல்லுதாங்க" என்றேன்.

அவள் விரல் இன்னும் சுடலையின் கட்டிலை நோக்கி நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்தாள். மடக்கிக்கொண்டாள்.

"நான் ஊத்துனதுலயா?" என்றாள்.

பரிசோதனையில் உறுதியாயிற்று. இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயில் சேர்க்கிற ஏதோ ஒரு சரக்கு. பழைய டின்னைக் கழுவாமல் நிரப்பினார்களா, வேண்டுமென்றே கலந்தார்களா, கடைசிவரை தெரியவில்லை. கைவண்டிக்காரன் அகப்படவில்லை. போலீஸ் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனது.

மறுநாள் மயினி ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். வெறும் அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும். வழக்கம்போல் முதல் கட்டிலில் ஆரம்பித்தாள். அது செல்லத்துரை அண்ணாச்சியின் கட்டில். அவருக்கு ஊரில் மூன்று பெண்பிள்ளைகள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "எடுத்துட்டுப் போ மயினி" என்றார். "கால் போச்சு. கையும் போய்க்கிட்டிருக்கு. வேற என்ன வேணும் ஒனக்கு?"

சுடலைதான், "மயினி, எனக்குக் குடுங்க! எனக்குப் பசிக்கு!" என்று கத்தினான். மயினி அதற்குள் வாளியை மூடிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஆனால் அவள் தினமும் வந்தாள். வெறுங்கையோடு வந்து எல்லார் காலையும் பிடித்துவிட்டாள். பேச்சு நின்றுபோயிற்று. ஒருநாள் சுடலை டாக்டரம்மாவிடம், "என் கால் திரும்பி வருமா, வராதா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டான். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் மயினிக்குத் தமிழில் சொன்னேன்.

"நரம்பு என்பது ஒரு கயிறு இல்லை. ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்தது. ஒவ்வொரு இழையும் ஒரு உயிரணுவின் வால். அந்த உயிரணு இங்கே உட்கார்ந்திருக்கிறது." சுடலையைப் புரட்டி, இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பைத் தொட்டார். "கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது. ஆனால் அதன் வால் இங்கே புறப்பட்டுத் தொடை, முழங்கால், கெண்டை வழியாகப் பாதம் வரைக்கும் ஒரே இழையாக வருகிறது. உடம்பிலேயே நீளமான இழை அதுதான். உயிரணுவைச் சுற்றிக் குட்டைக் குட்டையாகக் கிளைகளும் உண்டு, செடியின் வேர் மாதிரி. அவை கேட்பதற்கு. வால் சொல்வதற்கு. விரலைத் தூக்கு என்று மூளை சொல்வதைக் கிளைகள் கேட்கும். வால் வழியாக அது மின்சாரம் மாதிரி ஓடும். வாலின் நுனிக்கும் தசைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. அங்கே வந்ததும் நுனி ஒரு பொட்டு ரசத்தை விடும். அது பட்டதும் தசை சுருங்கும், விரல் எழும்பும்."

"இப்ப ஏன் எழும்பல?" என்றான் சுடலை.

"சேதி கண் இமைப்பதற்குள் போய்விடும். ஆகாரம் அப்படிப் போகாது. வால் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளாது. எல்லாம் மேலே உயிரணுவில் தயாராகி, நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்துசேர வேண்டும். அந்தச் சரக்கு வாலைக் கெடுத்துவிட்டது. நீளமான வால்தான் முதலில் கெடும், அதுவும் நுனியிலிருந்து. அதனால்தான் முதலில் பாதம், பிறகு கை."

மயினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். "மேல இருக்கதும் செத்துட்டான்னு கேளு."

"இல்லை. அது உயிரோடுதான் இருக்கிறது."

"அப்போ அது இப்பமும் ஆக்கி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கா? இங்கன வந்து சேரலை, அம்புட்டுத்தானா?"

டாக்டரம்மா அவளை உற்றுப் பார்த்தார். "ஆமாம். அப்படித்தான். அது உயிரோடு இருந்தால் வால் மறுபடி வளரும். மாதத்துக்கு ஒரு அங்குலம் வளரலாம். பொறுமை வேண்டும்."

அன்றிலிருந்து மயினிக்கு உயிர் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே விரலை வைப்பாள். "இங்கன வந்திருக்கும்" என்பாள். அடுத்த மாதம் விரல் ஒரு அங்குலம் இறங்கும். எங்கள் எல்லாருக்கும் வைத்தாள். அண்ணாச்சி அவளோடு பேசவில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பார். ஆனால் அவள் விரல் வைக்கும்போது காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அவளை நான் பல வருஷம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி டோம்பிவிலியில் குடியிருந்தேன். நடைபாதையில் சாக்கு விரித்துப் பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். "இடது பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்கு" என்றாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். என் மனைவிக்கு ஒரு பந்து மல்லிகை கொடுத்தாள். ஊரைப் பற்றிக் கேட்டாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். நம் பக்கத்தில் யாரும் யாரிடமும் முதலில் கேட்கிற 'சாப்பிட்டியா' மட்டும் கடைசிவரை அவள் வாயில் வரவில்லை.

சுடலை ஊரில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதை நான் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். கை இரண்டும் முழுதாகத் திரும்பிவிட்டன, உட்கார்ந்தபடியே வேலை செய்கிறான், மயினி வரமாட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றேன்.

பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் உக்காந்து கெடப்பான். அவன் கண்ணு முன்னால நான் ரெண்டு காலால இங்கயும் அங்கயும் நடந்துக்கிட்டுத் திரியவா?"

இனி அந்த ஆஸ்பத்திரி நாட்களுக்குத் திரும்புகிறேன்.

டாக்டரம்மா சொன்னபடியே எங்கள் கைகள் சில மாதத்தில் திரும்பின. கையின் வால் குட்டை. சுடலையையும் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் மயினியின் கோலியிலேயே தங்கினேன். அடுப்பு அணைந்தே கிடந்தது. மயினி பக்கத்து வீட்டு இட்லிக்காரிக்குத் தண்ணீர் சுமந்து, பாத்திரம் கழுவிக் கொடுத்து, அதற்கு ஈடாக எங்களுக்குச் சாப்பாடு வாங்கி வந்தாள். இலையைப் பிரித்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். "மயினி, ஒங்க கையால ஒரு வாய் குடுங்க" என்று சுடலை கெஞ்சுவான். "அவ நல்லா வைப்பா, தின்னு" என்று சந்திலிருந்து பதில் வரும்.

ஒருநாள் காலையில் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து சந்துக்கு ஓடினாள். "கால் இறுகுது! எய்யாவுக்குக் கால் வந்துட்டு!" என்று வீடு வீடாகச் சொன்னாள். நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை மாதம் ஈரத் துணியாகக் கிடந்த கால் பலகை மாதிரி விறைத்து, அவள் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. சுடலை சிரித்தான். இட்லிக்காரி திருஷ்டி கழித்தாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா சிறு சுத்தியலால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். கால் விருட்டென்று எம்பியது. பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினார். அது தானாகவே துடிதுடி என்று துடித்து, நிற்கவே இல்லை. மயினி வாய்விட்டுச் சிரித்தாள். "பாருங்க, ஒதைக்கான் பாருங்க!" என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மயினியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதுவரை எங்கள் யாரையும் அவர் அப்படி உட்கார வைத்ததில்லை.

"முதுகில் இருக்கும் உயிரணுவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதன் வால் திரும்பி வந்துவிட்டது. பெருமாளுக்கும் வந்துவிட்டது. ஆனால் முதுகில் இருப்பது தானாக எதுவும் செய்வதில்லை. தலைக்குள் இருக்கிற வேறு உயிரணுக்கள் முதுகெலும்புக்குள்ளேயே ஒரு நீள வாலை இறக்கி, எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று இதற்குச் சொல்கின்றன. இவன் உடம்பில் சரக்கு அதிகம் போனதால் அந்த வாலும் கெட்டிருக்கிறது. கால் துணியாகக் கிடந்தபோது அது வெளியே தெரியவில்லை. இப்போது தெரிகிறது. சொல்ல ஆள் இல்லாமல் கீழே இருப்பது தன்பாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த விறைப்பு அதுதான்."

"சரி, அந்த வாலும் வளந்து வரட்டும்" என்றாள் மயினி. "மாசம் ஒரு அங்குலம்தானே. நான் பாத்துக்கிடுதேன்."

நான் இந்தியில் சொன்னேன். டாக்டரம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். "கைகாலில் இருக்கும் வால் வளரும். முதுகெலும்புக்கு உள்ளே இருப்பது வளராது."

"ஏன் வளராது?"

"ஏன் என்று எங்களுக்கும் தெரியாது, அம்மா."

மயினி என்னைப் பார்த்தாள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று. பிறகு எழுந்து, சுடலையின் விறைத்த காலைத் தன் இரண்டு கையாலும் அமுக்கி மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை. "எனக்கு நிறைய ஊத்துனீங்கன்னு யாரு சொன்னா? நான் டிப்போ கேண்டீன்ல தின்ன வடையாலதான் இது" என்றான் சுடலை. இதை அவன் போலீஸிடமும் சொல்லியிருந்தான். யாரும் நம்பவில்லை.

ஊரில் கட்டிக்கொடுத்திருந்த சுடலையின் அக்கா சேதி கேட்டு வந்தாள். வாசலில் நின்றபடியே மயினியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "தாயா வளத்தேன் வளத்தேன்னு சொல்லி முடமாக்கி வச்சிருக்கியே! எங்க பிள்ளைய எங்ககிட்டக் குடு." சுடலை, "நான் வரமாட்டேன். நான் மயினிகூடத்தான் இருப்பேன்" என்று சுவரில் முட்டிக்கொண்டான். எல்லாரும் மயினி என்ன சொல்வாள் என்று பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவனுடைய துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். காக்கிச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டியில் அவனை ஏற்றினோம். இட்லிக்காரியின் புருஷன் தலைப்பக்கம், நான் கால்பக்கம். விறைத்த கால்கள் கதவில் இடித்தன. ஜன்னல் ஓரத்தில் அவனைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு நான் இறங்கி, பிளாட்பாரத்தில் மயினியின் பக்கத்தில் வந்து நின்றேன். உள்ளே அக்கா அவன் பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மயினி, ரெண்டு நாள் போகணுமே. கட்டுச்சோறு எங்க?" என்றான் சுடலை.

மயினி கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைக் காட்டினாள். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய பாவ் ரொட்டியும் வாழைப்பழமும்.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி. அதையாவது ஒரு வாய் ஒங்க கையால குடுங்க. ஒரு வருசமாச்சு."

மயினி அசையவில்லை. அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. "குடுங்க மயினி" என்றாள். "கேக்காம்லா, குடுங்க."

சுடலை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயைத் திறந்தான்.

மயினி பாவ் ரொட்டியைப் பிரித்தாள். ஒரு துண்டு பிய்த்தாள். கையை அவன் வாய்க்கருகே கொண்டுபோனாள். அங்கே கை நின்றது. திரும்பி வந்தது. அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள். பிறகு குனிந்து, தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது கால் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். இடது கால் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"மயினி, வண்டி கெளம்பப் போவுது" என்றேன்.

"இரு" என்றாள். "கொஞ்சம் பொறு. எங்காலு என்ன சொல்லுதுன்னு பாக்கேன்."

வண்டி ஊதியது. அக்கா உள்ளிருந்து கையை நீட்டி, "குடுங்க, நானாவது வாங்கிக் குடுக்கேன்" என்று கூவினாள். சக்கரம் உருண்டது. சுடலை வாயை மூடவில்லை. அவன் முகம் தெரிந்தவரைக்கும் வாய் திறந்தேதான் இருந்தது. மயினி மீதி ரொட்டியைக் கையில் பிடித்தபடி, இன்னும் தன் கால்விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.